சுவரில் சிவப்பு எழுத்து

“முதல்ல அந்தச் சிவப்பு எழுத்தை அழிச்சாகணும்மா,” என்றார் தரகர் ரில்வான். “விக்கிற வீட்டுச் சுவர்லயே விக்கமாட்டோம்னு எழுதி வெச்சிருந்தா, வாங்க வர்றவங்க காரை விட்டு இறங்கவே மாட்டாங்க.”

“சாயங்காலத்துக்குள்ள காயுமா?”

“காய வெச்சிடலாம். பெயிண்டர் சண்டேயைக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன். நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க.”

லாகோஸ் நகரின் ஓஜுவெலெக்பா பாலத்தடியில், பஸ் கூட்டத்துக்கு நடுவே நின்றபடி இந்தப் பேச்சு நடந்தது. வீட்டில் வைத்துப் பேசினால் எதிர்வீடு பார்த்துவிடும் என்று அபொசெடேதான் இங்கே வரச் சொல்லியிருந்தாள். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, உடனே திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். ரில்வான் அதற்குள் சட்டைப் பையில் போட்டு, டையைச் சரி செய்துகொண்டார்.

அபொசெடே நிம்மதியாக உட்கார்ந்து வாரக்கணக்காயிற்று. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். எரியாத பல்புகளை மாற்றினாள். நாற்காலிகளை ஜன்னலோரம் நகர்த்தி, பிடிக்காமல் பழைய இடத்துக்கே இழுத்து வந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோனது.

காரணம் அபெயோகூட்டாவில் இருந்தது. அவளுடைய தங்கை அய்னா அங்கே தனியாக இருக்கிறாள். பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. போன மாதம் அடுப்பு அணைந்துவிட்டதென்று நினைத்து அதன் மேலேயே கையை ஊன்றிவிட்டாள். லாகோஸுக்கு வந்துவிடு என்றால், “அந்த ஊர் சத்தத்துல காதும் போயிடும்” என்கிறாள். அவள் வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. நடுவில் ஒரே சுவர், தட்டினால் கேட்கும். அந்த வீட்டுக்காரர் அபொசெடேவுக்காக நாளை வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் ஆனால் வேறொருவருக்கு. ஆகவே இன்று வீடு பார்க்க வருகிற எபியெரே மேடம் இன்றே தலையாட்டியாக வேண்டும்.

இதில் ஒரு வார்த்தைகூட எதிர்வீட்டு முயிதீனம்மாவுக்குத் தெரியாது.

முயிதீனம்மா தெருவுக்கே அகாரா என்கிற பயறு வடை பொரித்துப் போடுகிறவள். பெரிய குடை, அதன் கீழ் பெரிய வாணலி, பக்கத்தில் வாளி நிறைய அரைத்த பயறு. அந்த முக்காலியில் உட்கார்ந்தால் தெருவின் இரண்டு முனையும் தெரியும். யார் வீட்டில் யார் வந்தார்கள், யார் வெறுங்கையோடு போனார்கள் என்பதெல்லாம் அவள் கரண்டி நுனியில் இருக்கும்.

பல வருடங்களுக்கு முன்னால் அபொசெடேவும் கணவர் லடிப்போவும் ஒரு சாவுக்காக இலேஷாவுக்குப் போயிருந்தார்கள். அந்த இடைவெளியில் எவனோ ஒருவன் பூட்டை மாற்றி, இவர்கள் வீட்டை ஒரு குடும்பத்துக்கு விற்றேவிட்டான். வாங்கியவர்கள் மெத்தை, குளிர்பெட்டி, தையல் மிஷின் சகிதம் லாரியில் வந்து இறங்கினார்கள். முயிதீனம்மா கொதிக்கும் எண்ணெய்க் கரண்டியோடு கேட்டை மறித்து நின்றாள். இவர்கள் இலேஷாவிலிருந்து வந்து சேரும்வரை ஒரு தலையணைகூட உள்ளே போகவில்லை.

மறுநாளே லடிப்போ சிவப்பு ஆயில் பெயிண்ட் டப்பாவோடு சுவரேறினார். ‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல. மோசடிக்காரர்களிடம் ஏமாறாதீர்கள்.’ அவர்கள் வட்டாரமான சுருலேரேயில் பாதிச் சுவர்களில் இதே வாசகம்தான். ஆனால் லடிப்போவின் எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆட்கள் மாதிரி இருக்கும். லடிப்போ போய்ச் சேர்ந்துவிட்டார். எழுத்து மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அதைச் சுரண்டும்போது பக்கத்தில் இருக்க அபொசெடேவுக்குத் தெம்பில்லை. தவிர, வெள்ளிக்கிழமை மதியம் முயிதீனம்மா கடையைக் கட்டிவிட்டுத் தொழுகைக்குப் போவாள். அப்படியே நாத்தனார் வீட்டுக்குப் போய் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். அந்த நேரத்துக்குள் எழுத்தை அழித்து, எபியெரே மேடம் வந்து பார்த்து, பேசி முடித்துவிடலாம். முயிதீனம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம். அதுதான் திட்டம்.

காலையில் கிளம்பும்போதே முயிதீனம்மா பிடித்துக்கொண்டாள்.

“எங்கடி, தலைப்பாகை எல்லாம் பலமா இருக்கு?”

“சர்ச்சுல பெண்கள் கூட்டம்.”

“வெள்ளிக்கிழமையிலயா? உங்க ஆளுங்க எங்க நாளையும் எடுத்துக்கிட்டாங்களா?”

“விசேஷக் கூட்டம்.”

“சரி சரி. அங்க போய் என் முட்டிக்கும் ஒரு ஜெபம் போடு. ராத்திரியிலேருந்து குத்துது, நடக்கவே முடியல.”

அபொசெடே “போடுறேன்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். பொய் சொன்ன வாய் கசந்தது. அந்தக் கசப்பில், முட்டி வலி என்று முயிதீனம்மா சொன்னது காதில் விழுந்தும் மனதில் பதியவில்லை.

பாலோகுன் சந்தையில் அவளுக்குத் திரைச்சீலை வாங்க வேண்டியிருந்தது. பழைய திரைகள் வீட்டை நோயாளி மாதிரி காட்டுகின்றன என்று ரில்வான் சொல்லியிருந்தார். துணிக்கடைப் பெண் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள்.

“இந்த மஞ்சளை எடுங்கம்மா. மாப்பிள்ளை பாக்க வந்தா மறுபேச்சே பேசமாட்டான்.”

“மாப்பிள்ளைக்கு இல்ல. வீட்டுக்கு.”

“வீடும் கல்யாணப் பொண்ணுதாம்மா, விக்கிறப்போ.”

அபொசெடே திடுக்கிட்டுப் பார்த்தாள். முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? அப்போது பையில் போன் அடித்தது. முயிதீனம்மா. சுற்றிலும் கூவி விற்கிற சத்தம். இதை வைத்துக்கொண்டு சர்ச் என்று எப்படிச் சொல்வது? துண்டித்தாள். மறுபடி அடித்தது. துண்டித்தாள். திரையை மடித்து வாங்குவதற்குள் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் விரல் சிவப்புப் பொத்தானுக்கே போனது.

கடைசியில் வந்தது ரில்வான்.

“அம்மா…” குரல் கிசுகிசுப்பாக இருந்தது. “உடனே வாங்கம்மா. அந்த அகாரா அம்மா… தொழுகைக்குப் போகலம்மா… தெருவே வந்து… ஐயோ, அடிக்காதீங்க, நான் புரோக்கர்…”

“ரில்வான்! என்னாச்சு?”

பதிலுக்கு யாரோ, “செருப்பைக் கழட்டுடா, ஓடிடப் போறான்!” என்று கத்துவது கேட்டது. பிறகு போன் செத்தது. அவளுடைய போன்தான், சார்ஜ் தீர்ந்துவிட்டது.

முட்டி வலி! அபொசெடே அப்போதுதான் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மஞ்சள் டான்ஃபோ வேனில் ஏறி உட்கார்ந்தால் அது ஏகோ பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் எங்கும் வண்டிகளின் முதுகு. திரைச்சீலைக் கட்டை மடியில் வைத்து அவள் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“டிரைவர், சந்துல கிந்துல போக முடியாதா?”

நடத்துனன் கதவில் தொங்கியபடி சிரித்தான். “பாலத்து மேல சந்து ஏதும்மா? கடல்லதான் இருக்கு. இறக்கிவிடவா?”

பின் சீட்டில் சிரித்தார்கள். அபொசெடே சிரிக்கவில்லை. அவள் கண்முன்னால் மூன்று காட்சிகள் மாறி மாறி ஓடின: செருப்பில்லாமல் ரில்வான், காரைத் திருப்பிக்கொண்டு போகிற எபியெரே மேடம், சூடான அடுப்பைத் தடவுகிற அய்னா. பாலம் இறங்கியதும் குதித்து ஒரு மூன்று சக்கர கெக்கேவைப் பிடித்தாள். “ஓட்டு, ஓட்டு” என்று அவள் சொல்லிக்கொண்டே வந்ததில் அந்த ஓட்டுநர், “நீங்களே ஓட்டுறீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டான்.

தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது.

குடைக்குக் கீழே ரில்வானும் சண்டேயும் தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். காலில் செருப்பில்லை. ரில்வானின் பெல்ட்டும் போயிருந்தது; டை மட்டும் கழுத்தில் மிச்சம். பக்கத்தில் கவிழ்ந்த பெயிண்ட் வாளி. எதிர்ச்சுவரில் ‘இந்த வீடு’ என்ற இரண்டு வார்த்தைகள் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, வெள்ளை ப்ரைமருக்குள் மறைந்திருந்தன. ‘விற்பனைக்கு அல்ல’ அப்படியே சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

முயிதீனம்மா கரண்டியும் கையுமாக நின்றாள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா! நல்ல வேளைடி. உனக்கு எத்தனை போன் போட்டேன்! நீ ஜெபத்துல இருக்க, இங்க உன் வீடே போயிருக்கும். நீ அந்தப் பக்கம் போற, இவனுங்க இந்தப் பக்கம் வர்றானுங்க. சாவி போட்டுத் திறக்கிறான், எழுத்தைச் சுரண்டுறான். கேட்டா, வீட்டுக்காரம்மாதான் அனுப்பிச்சாங்களாம்!”

“எல்லா மோசடிக்காரனும் அதைத்தான் சொல்வான்,” என்றார் கூட்டத்திலிருந்த பஞ்சர் கடைக்காரர்.

ரில்வான் அழாத குறையாக நிமிர்ந்து பார்த்தார். “சொல்லுங்கம்மா…”

அபொசெடே திரைச்சீலைக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அது வந்து… நான்தான் பெயிண்ட் அடிக்கச் சொல்லி அனுப்பினேன். சுவர் பழசாயிடுச்சுன்னு…”

“பெயிண்ட் அடிக்கவா?” முயிதீனம்மா ரில்வானின் டையைக் கரண்டியால் தூக்கிக் காட்டினாள். “எந்த ஊர்லடி டை கட்டிக்கிட்டு பெயிண்ட் அடிக்கிறாங்க? அதுவும் எல்லாச் சுவரையும் விட்டுட்டு எழுத்தை மட்டும்? பயந்துட்டியா? உன்னை மிரட்டினானா? சொல்லு, இன்னிக்கு இவனையும் பொரிச்சு எடுத்துடறேன்.”

“மிரட்டல…”

அந்த நேரம் பார்த்து ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாக வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, உயரமான ஒரு பெண். எபியெரே மேடம்தான்.

“இங்க வீடு ஒண்ணு…” என்று ஆரம்பித்தாள்.

முயிதீனம்மா காருக்கும் கேட்டுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். குத்துகிற முட்டியோடு எப்படி அவ்வளவு வேகம் என்று தெரியவில்லை.

“வண்டியைத் திருப்புங்க மேடம். உங்களை ஏமாத்தப் பாக்குறாங்க. இந்த வீடு விற்பனைக்கு இல்ல. அதோ வீட்டுக்காரம்மா, அவங்களையே கேளுங்க.”

எல்லாத் தலைகளும் அபொசெடே பக்கம் திரும்பின. இல்லை என்று தலையாட்டினால் போதும். தெரு கைதட்டும், கார் திரும்பும், அபெயோகூட்டா வீடு நாளை யாருக்கோ போகும்.

“விற்பனைக்குத்தான்,” என்றாள் அபொசெடே.

“என்னது?”

“வீட்டை விக்கிறேன். இவங்க மோசடிக்காரங்க இல்ல. நான்தான் சாவி குடுத்தேன். நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

முயிதீனம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். தலைப்பாகை. கையில் திரைச்சீலைக் கட்டு. அதைச் சுற்றிப் பாலோகுன் கடைப் பை.

“சர்ச்சுல இப்போ திரை விக்கிறாங்களா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒரு பக்கமாக நொண்டிக்கொண்டு போய் முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை வாணலி பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. ரில்வான் எழுந்து, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி காரிடம் ஓடினார். “மேடம், இறங்குங்க மேடம், ஒரு சின்னக் குழப்பம், காற்றோட்டமான வீடு…”

எபியெரே மேடம் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். “எழுத்தை இன்னிக்குத்தான் அழிச்சீங்களா?”

“உங்களுக்காகத்தான் மேடம்!”

“எனக்கு அதுதான் பயமா இருக்கு.” அவள் இறங்கிக் காரில் சாய்ந்துகொண்டாள். “போன தடவை நான் வாங்கின வீட்டுச் சுவரும் இப்படித்தான், பளிச்சுனு புது வெள்ளை. ஒருத்தர்கூட யார் என்னன்னு கேக்கல. குடிபோன பிறகு நான்தான் வீட்டுக்காரன்னு நாலு பேர் வந்தாங்க. கோர்ட்டுக்கு நடந்தே என் செருப்பு தேஞ்சுது.” அபொசெடேவிடம் திரும்பினாள். “விக்க உரிமை இருக்குன்னு நீங்களே சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு பெரிய கரண்டியோட நின்னாங்களே, அந்தம்மா சொல்லட்டும். இல்லன்னா நான் கிளம்புறேன்.”

“அதுக்கென்ன, அவங்க சொல்லிடுவாங்க,” என்றார் ரில்வான். குடைக்குள் பார்த்தார். அடுத்த அடி எடுத்து வைக்கத் துணியவில்லை.

அபொசெடேதான் போனாள்.

“முயிதீனம்மா.”

“அகாரா வேணும்னா வரிசையில நில்லு.”

“வரிசையே இல்லையே.”

“அப்போ சும்மா நில்லு.”

அபொசெடே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். சொன்னாள். அய்னாவின் கண்ணை, கையில் வந்த கொப்புளத்தை, ஒட்டின வீட்டை, நாளைய கெடுவை. நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் போல ஒரே மூச்சில் சொன்னாள்.

முயிதீனம்மா ஒரு ஈடு அகாராவை எண்ணெயில் போட்டாள். “இதை எங்கிட்ட சொன்னா நாக்கு வெந்துடுமா?”

“சொல்லியிருந்தா என்னைப் போக விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

“திட்டியிருப்பேன். காலைப் பிடிச்சு இழுத்திருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் நானே தொட்டியைக் கழுவிக் குடுத்திருப்பேன்டி, மடச்சி.” கரண்டியை டப்பென்று தட்டில் போட்டாள். “ஒரு மனுஷி, உன் வீட்டுக்காகத் தெருவுல நின்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கா. நீ போனைக் கட் பண்ற. கட் பண்றதுகூட எனக்குத் தெரியாதா? பாதி மணியிலயே நிக்குதே!”

அபொசெடே தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரில் எபியெரே மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கார்க் கதவில் கை வைத்தாள்.

முயிதீனம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“அய்னாவுக்கு எந்தக் கை?”

“வலது கை.”

“சமைக்கிற கை,” என்று முணுமுணுத்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். “ஏ பஞ்சர் கடை! அந்த டைக்காரனுக்கு செருப்பைக் குடு! பெல்ட்டையும் குடு, பாக்கச் சகிக்கல!”

எழுந்து, அபொசெடேவின் தோளைப் பிடித்து நொண்டியபடியே சாலையைக் கடந்தாள். எபியெரே மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

“கேட்டுக்குங்க. இவ பேரு அபொசெடே. இந்த வீட்டை இவளும் இவ புருஷனும் கட்டினப்போ, செங்கல் இறக்கின ஆளுங்களுக்கு சாப்பாடு போட்டவ நான். இது இவ வீடு. இவளுக்கு மட்டும்தான் விக்க உரிமை இருக்கு. பொண்ணு டோயின் ஜோஸ்ல இருக்கா, அவளுக்கும் சம்மதம்தானான்னு…” சட்டென்று திரும்பினாள். “அவளுக்காவது சொன்னியா?”

“சொன்னேன்.”

“சம்மதம். வேற என்ன? ஆங், பின்பக்க ரூம் ஒழுகும்.”

ரில்வான், “அம்மா!” என்று அலறினார்.

“ஒழுகும்ங்கறேன். புதுத் திரையைப் போட்டு மறைச்சா மழைக்குத் தெரியாமப் போயிடுமா? கிணத்துத் தண்ணி நல்லா இருக்கும். ஜெனரேட்டர் வெக்கிற இடம் என் ஜன்னலுக்கு நேரா இருக்கு. அதை மட்டும் மாத்தணும். இத்தனை வருஷம் இவளுக்காகப் பொறுத்தேன், உங்களுக்காகப் பொறுக்க மாட்டேன்.”

எபியெரே மேடம் முதல்முறையாகச் சிரித்தாள். உள்ளே போனாள். அபொசெடே அய்னாவையும் நாளைய கெடுவையும் சொல்லக் கேட்டபடி, அறைகளைப் பார்த்ததைவிட ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்ததுதான் அதிக நேரம். பின்பக்க அறையின் கூரையை அண்ணாந்து பார்த்து, “ஒழுகுது,” என்றாள், ஏதோ நல்ல செய்தி மாதிரி. வெளியே வந்ததும் அபொசெடேவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில வக்கீலோட வரேன். உங்க தங்கச்சி பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்பவே சொல்லிடுங்க.”

அபொசெடேவின் போன் செத்திருந்தது. முயிதீனம்மாவின் போனிலிருந்துதான் அபெயோகூட்டாவுக்குப் பேசினாள். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் சரி என்றது காதில் விழுந்தபோது, வாரக்கணக்கில் முதல்முறையாக அவள் கால்கள் தாமாகவே ஒரு இடத்தில் நின்றன.

கார் வரைக்கும் போன எபியெரே மேடம் திரும்பி வந்தாள்.

“அந்தச் சுவரை இப்படியேவா விடப்போறீங்க?”

“மிச்சத்தையும் அழிச்சிடறோம் மேடம்,” என்று ரில்வான் முந்திக்கொண்டார். “சண்டே!”

“அழிக்கவா? நான் குடிவர எப்படியும் மாசமாகும். அதுக்குள்ள எவனாவது வந்து என் வீட்டை வித்துட்டா? அழிச்சதை மறுபடி எழுதுங்க. எழுதி முடிச்சாத்தான் நான் கிளம்புவேன்.”

சண்டே தன் பைக்கிலிருந்து பாதி டப்பா சிவப்பு ஆயில் பெயிண்ட்டை எடுத்து வந்தான். ப்ரைமர் லேசாகக் காய்ந்திருந்தது. தூரிகையை நனைத்துக்கொண்டு சுவரை நெருங்கியவனை முயிதீனம்மா நிறுத்தினாள்.

“நீ அச்சடிச்ச மாதிரி எழுதுவ. பக்கத்துல அந்தக் கோணல் எழுத்தோட சேராது. அவ கையில குடு.”

அபொசெடே தூரிகையை வாங்கினாள். லடிப்போவின் ‘வி’ எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ‘இந்த வீடு’ என்று எழுதினாள். பெயிண்ட் கொஞ்சம் வழிந்தது.

முயிதீனம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “கோணலாத்தான் இருக்கு.”

“அவரோடது மட்டும் நேராவா இருக்கு?”

“ரெண்டும் சேந்தே விழும் போலிருக்கு. சரி, விடு.”

கார் போயிற்று. ரில்வான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, முயிதீனம்மா பக்கமே பார்க்காமல் சண்டேயின் பைக்கில் பின்னால் ஏறிப் போனார். அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது. வாணலியில் ஒரு ஈடு அகாரா கரியாகியிருந்தது. முயிதீனம்மா திட்டிக்கொண்டே அதை அரித்தெடுத்து, தேடித் தேடி அதிகம் கருகாத ஒன்றை அபொசெடே கையில் வைத்தாள்.

“அபெயோகூட்டா பஸ் எங்கேருந்து கிளம்புது?”

“உனக்கெதுக்கு? முட்டி வலின்னியே.”

“பஸ்ல உக்காந்துதானே போறது? முட்டியாலயா ஓட்டப்போறேன்?”

அபொசெடே பதில் சொல்வதற்குள் ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான். சுவரின் ஈரச் சிவப்பைப் பார்த்தான், திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தான்.

“அம்மா, இந்த வீடு விலைக்கு வருதுன்னு முனையில பேசிக்கிட்டாங்களே?”

முயிதீனம்மா கரண்டியைக் கையில் எடுத்தாள். ஆனால் அபொசெடேதான் முந்திக்கொண்டாள்.

“ஏம்பா, இவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கே, படிக்கத் தெரியாதா?”